குடிக்காத அப்பாவின் ஈரல்

மக்களே,

உன் கல்யாணக் கோட்டுக்கு அளவெடுத்த தையல்காரர் நேற்று வழியில் என்னை நிறுத்தி, "டீச்சர், மாப்பிள்ளைக்கு வயித்துல ரெண்டு இஞ்சு கூட்டி வெட்டியிருக்கேன். கல்யாணத்துக்குள்ள இன்னும் கொஞ்சம் வைக்கும்லா" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சிரிப்பு போய்விட்டது. உடனே இந்தப் பேப்பரை எடுத்து வைத்தேன். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். உன் சரிம்மாவுக்கு என்ன மதிப்பு என்று உன்னைப் பெற்றவளுக்குத் தெரியும். கடிதம் என்றால் பாதியில் கட் பண்ண முடியாது, பார்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த ஞாயிறு பூசையில் உனக்கும் ஷைனிக்கும் முதல் ஓலை வாசிக்கிறார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லவும் என்று மூன்று ஞாயிறு சாமியார் வாசிப்பார். அந்த முதல் ஓலைக்கு முன்னால் நீ உன் ஈரலை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். அதில் என்ன வந்தாலும் ஷைனியிடம் உன் வாயால் சொல்ல வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். நிச்சயத்துக்கு வந்திருந்தபோதும் இதைத்தான் கேட்டேன். "கல்யாணம் முடியட்டும்மா. இப்ப எடுத்து, கொழுப்புன்னு வந்து, அது அவங்க வீட்டுக்குத் தெரிஞ்சா மாப்ள குடிகாரன்னுதான் பேசுவாங்க. நம்ம கடப்புறத்துல ஈரல்னா குடிதானே" என்றாய். நீ சொன்னதைத் தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. கடற்கரையில் அப்படித்தான் பேசுவார்கள். உன் அப்பாவைப் பற்றி அப்படி முதலில் பேசியதே நான்தான். அந்தக் கதையில் உனக்குத் தெரிந்தது பாதி. மீதியையும் இன்று எழுதிவிடுகிறேன்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் அப்பா மஸ்கட்டில் பார்த்த ஏ.சி. ரிப்பேர் வேலையை விட்டுவிட்டு முழுசாக வந்துவிட்டார். "கடலும் நீங்களும் இஞ்ச, நான் அங்க இருந்து ஏ.சி. நன்னாக்கி என்ன செய்ய" என்றார். வந்தவரைப் பார்த்து ஊரே சந்தோஷப்பட்டது. கன்னம் உப்பி, வயிறு முன்னால் வந்து, பார்க்க வசதியான ஆளாக இருந்தார். சுகர் அங்கேயே வந்திருந்தது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான். கொஞ்ச நாளில் அசதி என்றார். வலது விலாவுக்குக் கீழே ஏதோ கனமாக இருக்கிறது என்றார். நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வயிற்றில் பசையைத் தடவி ஸ்கேன் பார்த்தார்கள். ஈரல் வெள்ளையாகத் தெரிகிறது, கொழுப்பு படிந்திருக்கிறது என்றார் டாக்டர். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "குடிப்பாரா?" என்று கேட்டார். அப்பா இல்லை என்றார். டாக்டர் தலையாட்டிவிட்டு, எடையைக் குறையுங்கள், சுகரைப் பாருங்கள், ஆறு மாதத்தில் திரும்ப ஒரு ஸ்கேன் எடுங்கள் என்றார். அவர் கேட்டது கேள்விதான். நான் அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

எனக்கு அப்போது கோயில் பங்கில் என்ன பேர் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் டீச்சர், கோயிலில் பெண்கள் மதுவிலக்குக் குழுவுக்குச் செயலாளர். மதுக்கடை முன்னால் வெயிலில் உட்கார்ந்து மறியல் பண்ணியவள். குடித்துவிட்டு வருகிற ஆண்களை வழியில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்கிற தைரியம் எனக்கு இருந்தது. அந்தத் தைரியத்தைப் பார்த்து எனக்கே என் மேல் ஒரு பெருமை. அப்படிப்பட்டவள் வீட்டுக்காரருக்கு ஈரலில் கோளாறு என்றால்? திரும்பி வரும் பஸ்ஸிலேயே ஆரம்பித்தேன். மஸ்கட்டில் ரூமில் எத்தனை பேர் இருந்தார்கள், அதில் யாரெல்லாம் குடிப்பார்கள், வெள்ளிக்கிழமை லீவில் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பென்சில் திருடியது யார் என்று விசாரிக்கிற அதே குரல்தான். "ஏட்டி, நான் தொட்டுகூடப் பாக்கல்ல. மாதா சத்தியமா" என்றார். குடிக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். குழுவில் அத்தனை வருஷம் இருந்தவள் இல்லையா.

குடியை விட நினைக்கிற ஆண்கள் செவ்வாய்க்கிழமை அந்தோணியாரின் சின்னக் கோயிலான குருசடிக்கு வந்து, மெழுகுதிரி பிடித்து, சொரூபத்தின் காலில் கை வைத்து, இனி தொட மாட்டேன் என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் அவர்கள் பேரை மைக்கில் வாசிப்போம். எல்லோரும் கை தட்டுவார்கள். அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே எங்கள் குழுதான். மூன்று வாரம் அப்பாவோடு பேசாமல் இருந்து பார்த்தேன். கடைசியில், குருசடிக்கு வந்து சத்தியம் பண்ணுங்க, நான் பழசை எல்லாம் மறந்துவிடுகிறேன் என்றேன். "உனக்கு நிம்மதின்னா செய்யுதேன். ஒரு மெழுகுதிரி பிடிக்கதுல எனக்கு என்ன கொறஞ்சி போச்சி" என்றார். வந்தார், பிடித்தார், மூன்று தரம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவர் பேரை மைக்கில் வாசித்தது யார் என்று நினைக்கிறாய்? நான்தான். குரல் கூட நடுங்கவில்லை. என் வீட்டிலிருந்தே ஆரம்பித்திருக்கிறேன் என்று ஒரு வரி வேறு சேர்த்துச் சொன்னேன். அன்று நீ மத்தியானம் சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்து போனாய். வயசுக் கோளாறு என்று நினைத்துவிட்டேன்.

ஒரு நாளும் குடிக்காத மனுஷன் குடியை விட்ட மனுஷன் ஆகிவிட்டார். ஊரில் யாரும் அவரைக் கேவலமாகப் பார்க்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பார்க்கிறவர்கள் எல்லாம் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். நிஜமாகவே குடிக்கிற ஆட்கள் ஒவ்வொருவராக அவரிடம் வந்து, "அண்ணே, எப்பிடிண்ணே நிறுத்தினிய?" என்று யோசனை கேட்டார்கள். அவர் அதற்கும் பதில் சொல்வார். வெறும் வயிற்றோடு இருக்காதே, கடலிலிருந்து வந்ததும் நேரே வீட்டுக்குப் போ, சோறு தின்னு, கையில் ஒரு வேலையை வைத்துக்கொள் என்று ஏதோ சொல்வார். அதைக் கேட்டு இரண்டு பேர் உண்மையிலேயே நிறுத்தினார்கள். "பாருங்க, உங்களால எத்தன குடும்பம் நல்லா இருக்கு" என்று நான் சொன்னதும், "ஆமா, நல்ல அனுபவஸ்தன்லா" என்று சிரித்தார். எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் மெல்ல மெல்ல அவர் பூசை முடிந்ததும் ஆண்களோடு நின்று பேசுவதை விட்டார். கல்யாண வீடுகளுக்குப் போனால் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். அவர் கிளாஸில் என்ன இருக்கிறது என்று எல்லோரும் ஒரு கண் வைத்திருந்தால் பின்னே என்ன செய்வார்.

நான் செய்த பெரிய தப்பு இன்னும் வரவில்லை. ஆறு மாதம் ஆனதும் அவரே நினைவு வைத்துக் கேட்டார். "அந்த ஸ்கேன் எடுக்கச் சொன்னாரே, போவோமா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குடிய நிறுத்தியாச்சி, பின்ன எதுக்கு ஸ்கேன்?" என்றேன். சத்தியம் பண்ணியதோடு நோய் போய்விட்டது என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை. மனசுக்குள் ஒரு குற்ற உணர்ச்சியும் இருந்தது போல. அதைத் தீர்த்துக்கொள்ள வாய்க்கு ருசியாகச் செய்து போட்டேன். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தட்டு நிறைய, நாலு மணிக்கு ஏத்தம்பழ அப்பமும் சீனி போட்ட சாயாவும். இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்து, இருக்கிற நோய்க்குத் தீனி போட்டேன். நீ லீவுக்கு வந்தால் உனக்கும் அதேதான். உன் வயிற்றில் பாதி என் கைவேலை. அதனால் உன்னைத் திட்டுகிற உரிமை எனக்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் திட்டுவேன்.

ஏழு வருஷம் கழித்து அப்பாவுக்குக் கால் வீங்கியது. மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை நாளாக இருந்ததால் திருவனந்தபுரம் பஸ்ஸில் உட்கார இடமில்லை. வீங்கிய காலோடு நின்றுகொண்டே பாதி வழி வந்தார். திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஊசி குத்தி ஈரலில் துண்டு எடுப்பார்கள் என்று யாரோ சொல்லி அவரைப் பயமுறுத்தியிருந்தார்கள். அதெல்லாம் இல்லை. மல்லாந்து படுக்கச் சொல்லி, வலது கையைத் தலைக்கு மேல் வைக்கச் சொல்லி, விலா இடுக்கில் ஒரு கருவியை வைத்தார்கள். வெளியிலிருந்து விரலால் சுண்டுகிற மாதிரி அது தட்டுகிறது. அந்தத் தட்டு உள்ளே எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவுக்கு ஈரல் இறுகியிருக்கிறது என்று கணக்காம். "இவ்வளவுதானா சாரே?" என்று அப்பா எழுந்து சட்டை மாட்டினார். டாக்டர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வழக்கமான அந்தக் கேள்வியைக் கேட்டார். குடிக்குமோ?

அப்பா டாக்டரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "முன்ன குடிப்பேன் சாரே. விட்டாச்சி" என்றார். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். நான் வாய் திறக்கவில்லை. திரும்பி வரும்போது, ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "நீ மைக்குல வாசிச்சாச்சே ஏட்டி. இப்ப மாத்திச் சொன்னா உனக்க பேரு என்ன ஆவும்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார், கேட்டியா. அவர் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை என்பது எனக்கு அந்தப் பஸ்ஸில்தான் உறைத்தது. என் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் கை மேல் வைத்தேன். அவர் எடுத்துவிடவில்லை.

நீ அப்போது ஸ்கேன் படிப்பில் கடைசி வருஷம். ஓடி வந்தாய். அப்பாவின் படங்களைச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பில் போட்டு எனக்குக் காட்டினாய். ஈரல் எங்கே, மண்ணீரல் எங்கே என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாய். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். இது குடியினால் வந்ததா இல்லையா என்று இதில் தெரியுமா? நீ தலையை ஆட்டினாய். "தெரியாதும்மா. சுகராலயும் எடையாலயும் இதே மாதிரிதான் ஆகும். என்ன ஆச்சுன்னு படம் சொல்லும், எதனாலன்னு சொல்லாது. அத ஆளுகிட்டதான் கேக்கணும்" என்றாய். நீ பாடம் சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாய். நான் அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். நான் கேட்டேனே. அவர் சொன்னாரே. நம்பாதது நான்தானே. அப்பா அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு வந்தவர்கள் என்னைத் தேற்றினார்கள். குடியை விட்டும் அது விடல்லியே டீச்சர் என்றார்கள். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை. இதைத்தான் நான் உன்னிடம் இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன்.

இப்போது உன் வேலை அதுவே ஆகிவிட்டது. பெங்களூரில் அந்தப் பெரிய காந்த மெஷினில் ஆட்களைப் படுக்க வைத்து, ஈரலில் கொழுப்பு எத்தனை பங்கு என்று அளக்கிறீர்கள். கொழுப்பும் தண்ணீரும் காந்தத்துக்குள் வேறு வேறு மாதிரி பதில் சொல்லும், அதை வைத்துப் பிரித்துவிடலாம் என்று நீ போனில் சொன்னதை நான் நோட்டில் எழுதியே வைத்திருக்கிறேன். ஈரல் சர்க்கரையை என்ன செய்கிறது, கொழுப்பை எப்படிச் சேர்க்கிறது, எங்கே தளர்ந்து போகிறது என்பதைக் கத்தியும் ஊசியும் இல்லாமல் வெளியிலிருந்தே பார்க்க ஆராய்ச்சி பண்ணுகிறார்கள் என்றாய். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் எடையைக் குறைத்தே ஈரலைப் பழையபடி கொண்டுவரலாம், மாசத்துக்கு மாசம் கொழுப்பு இறங்குவதைப் படத்திலேயே பார்க்கலாம் என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். அப்பாவுக்குக் கிடைக்காத காலம் அது. அந்த மெஷின் பக்கத்தில் தினமும் எட்டு மணி நேரம் நிற்கிறாய், ஒரு தரம் கூட அதில் படுத்ததில்லை. கடலில் கிடந்துகொண்டு குளிக்க மாட்டேன் என்கிறவனை என்ன சொல்வது.

உன்னைச் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று முதலில் நானே போனேன். எனக்கும் சுகர் இருக்கிறது, எடையும் இருக்கிறது. போன புதன்கிழமை காலை வெறும் வயிற்றில் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். ஸ்கேன் எடுக்கும் முன் ஒரு பெண் பாரத்தை நிரப்பினாள். இருபத்திரண்டு வயசு இருக்கும். பேர், வயசு, சுகர் உண்டா, பிரஷர் உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தவள் தலையை நிமிர்த்தாமல், "ஆன்ட்டி, ஆல்கஹால் உண்டா?" என்றாள். மக்களே, அதே கேள்வி. இல்லை என்றேன். "இல்ல" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். யாரென்றே தெரியாத என்னை அவள் ஒரு விநாடியில் நம்பிவிட்டாள். கூடவே வாழ்ந்த மனுஷனை நம்ப எனக்கு ஏழு வருஷம் ஆனது. அந்தப் பெண் முன்னாலேயே அழுதுவிட்டேன். ஸ்கேனுக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்து, வலிக்காது ஆன்ட்டி, வலிக்கவே வலிக்காது என்று முதுகைத் தடவிவிட்டாள். ரிப்போர்ட்டில் கொழுப்பு இருக்கிறது. அந்தத் தட்டிப் பார்க்கிற மெஷினிலும் பார்த்தார்கள், ஈரல் இன்னும் இறுகவில்லை. நடக்கச் சொல்லியிருக்கிறார்கள், சீனியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். நிறுத்திவிட்டேன். இந்தத் தடவை நிஜமாகவே இருந்ததை நிறுத்தியிருக்கிறேன்.

நேற்று முன்தினம் குழுக் கூட்டம். முப்பது பெண்கள் இருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் நான் எழுந்து ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "எனக்க ஈரல்ல கொழுப்பு இருக்குன்னு வந்திருக்கு. நான் குடிப்பேனா?" என்று கேட்டேன். "டீச்சரா? நல்ல கதையா இருக்கு" என்று யாரோ சிரித்தார்கள். "அப்ப எனக்க வீட்டுக்காரரும் குடிச்சதில்ல. ஒரு நாளும் குடிச்சதில்ல. நான்தான் நம்பாம அவரக் கொண்டு சத்தியம் பண்ண வச்சேன். மைக்குலயும் நான்தான் வாசிச்சேன்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. உட்கார்ந்துவிட்டேன். மீன் விற்கிற செலின் எழுந்தாள். "சுகர் உள்ள எல்லாரும் அந்த ஸ்கேன் பாக்கணுமா டீச்சர்? எனக்கு எட்டு வருஷமா உண்டு" என்றாள். பாக்கணும் என்றேன். "அப்ப நாங்க நாலு பேரு வாறோம், நீங்களும் கூட வாங்க" என்றாள். கடப்புறத்தில் ஈரல் என்றால் குடிதான் என்ற பேச்சு ஒரே நாளில் போகாது. ஆனால் இனி அதை என் முன்னால் யாரும் பேச முடியாது.

உன்னைப் பற்றி நான் அங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்தவர் உடம்பில் இருப்பதை மைக்கில் வாசிக்கிற புத்தி எனக்குப் போய்விட்டது. அப்பாவைப் பற்றி இதில் எழுதியதை ஷைனிக்குக் காட்டு, அவள் அம்மாவுக்குக் காட்டு, யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. உன்னைப் பற்றியதை நீயேதான் சொல்ல வேண்டும். அவள் ஒருவேளை, குடிப்பியா என்று கேட்பாள். கேட்கட்டும், கோபப்படாதே. இல்லை என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார். நம்பினால் அவளோடு தாராளமாகக் கோயிலுக்கு வா. நாளைக்கு அவள் உன்னிடம் ஏதாவது சொல்லும்போது நீயும் அதே மாதிரி நம்பு. கல்யாணத்துக்கு என்னிடம் இருக்கிற புத்திமதி இது ஒன்றுதான். மீதியை நீங்கள் சண்டை போட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதம் உனக்குப் புதன்கிழமை வந்துவிடும். வியாழக்கிழமை காலையில் முதல் ஆளாக நீயே அந்த மெஷினில் படு. எல்லோரையும் வெறும் வயிற்றில் வரச் சொல்கிறவன், நீயும் ஒன்றும் சாப்பிடாமல் போ. எத்தனை மணி ஆனாலும் நீ வெளியே வந்து போன் பண்ணுகிற வரைக்கும் நானும் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொட மாட்டேன். எனக்குச் சுகர், மாத்திரை போட வேண்டும் என்பது உனக்குத் தெரியும். ரொம்ப நேரம் ஆக்கிவிடாதே.

அன்புடன்,
அம்மா